'4கே' என்று தலையில் கட்டிய கேம்கார்டர்

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் எனக்கு விற்ற கேம்கார்டரின் பெட்டியில் '4கே அல்ட்ரா எச்டி, 48 மெகாபிக்சல், 16எக்ஸ் ஜூம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மூன்றையும் சுத்தப் பொய் என்று சொல்ல முடியாது, மூன்றிலும் உண்மையும் இல்லை. கல்யாண சீசனுக்குக் கேமரா தேடி அலைகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. இதே ரகப் பெட்டிகள் வேறு கடைகளிலும் இருக்கின்றன.

நான் கேட்டுப் போனது சோனி சிஎக்ஸ்405. பழைய மாடல், வெறும் ஃபுல் எச்டிதான். ஆனால் 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் உண்டு. குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் வந்து நிற்கும், கிட்டப் போனால் எழும்பிவிடும். தள்ளி நின்றே இழுத்து எடுக்க வேண்டும். இதையெல்லாம் விளக்கமாகச் சொல்லித்தான் கேட்டேன்.

"அதெல்லாம் வர்றது நின்னு போச்சுண்ணே. அது வெறும் எச்டி, இது 4கே. விலையும் கம்மி."

"ஜூம் ஆப்டிகல்தானே தம்பி?"

"ஆமாண்ணே. லென்ஸைப் பாருங்க. ஆப்டிகல் இல்லாமயா இவ்வளவு பெருசா வச்சிருக்கான்?"

கடை டிவியில் டெமோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அருவி, ஒரு பஞ்சவர்ணக் கிளி. இறகு இறகாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். "இதுல எடுத்ததுதாண்ணே" என்றார். பின்னால் திருப்பிக் கொடுக்கப் போனபோது, டிவிக்குப் பக்கத்தில் வேறு ஏதோ கேமராவை வைத்துவிட்டு அதே கிளியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெரிய லென்ஸ் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முன்னால் இருப்பது திருகி மாட்டும் வைட் லென்ஸ் வளையம், அவ்வளவுதான். அதைக் கழற்றினால் உள்ளே மிளகு அளவில், போனில் இருப்பது போன்ற ஒரு கண்ணாடி. வெளிச்சத்தில் காட்டிக்கொண்டே ஜூமை இழுத்துப் பார்த்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை. ஆப்டிகல் ஜூமில் உள்ளிருக்கும் கண்ணாடிகள் முன்னும் பின்னும் நகர்ந்து, பிம்பம் சென்சாரில் (படத்தைப் பிடிக்கும் சில்லு) விழுவதற்கு முன்பே பெரிதாகிவிடும். டிஜிட்டல் ஜூம் என்பது விழுந்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவது. பாம்பன் சாலைப் பாலத்தில் இருந்து, 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியை 16எக்ஸில் எடுத்துப் பார்த்தேன். சாய்ந்த கம்பிகள் எல்லாம் பல் பல்லாகத் தெரிகின்றன. கடற்காற்றில் கை ஆடியது வேறு. அதைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனும் இதில் கிடையாது. பூநாரைகள் வெளிர்சிவப்புத் திட்டுகளாக நிற்கின்றன, தலை எது கால் எது என்று தெரியாது.

சரி, 4கே? ஃபைலின் விவரத்தைப் பார்த்தால் 3840 x 2160 என்றுதான் காட்டும். அங்கேதான் ஏமாறுவோம். சென்சாரில் இருப்பதோ கொஞ்சம் பிக்சல், மீதியை மென்பொருள் ஊகித்து நிரப்பி ஊதிவிடுகிறது. 48 மெகாபிக்சலும் அதே வித்தைதான். பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு எவ்வளவு தகவல் பதிவாகிறது என்பதைப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். சோனி ஏஎக்ஸ்53 போன்ற நிஜமான 4கே கேமரா விநாடிக்கு 60 அல்லது 100 மெகாபிட் பதிவு செய்யும். 2006-இல் சோனியும் பானாசோனிக்கும் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையிலேயே சாதாரண எச்டி வீடியோவுக்கு 24 மெகாபிட் வரை உண்டு. என் கையில் இருக்கும் '4கே' அந்த 24-ஐக்கூட எட்டவில்லை.

கல்யாண வீட்டில் இன்னொரு கூத்து. மண்டபத்து டியூப்லைட்டில் எடுத்தது முழுக்கக் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டும் அந்தக் கணக்கில்தான் மினுங்கும். இது 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான வேகத்தில் எடுக்கிறது. மெனுவில் '50' என்று ஒன்று இருக்கிறது, மாற்றினாலும் பட்டை போகவில்லை. கடைக்காரரிடம் சொன்னதற்கு, "மண்டபத்துல எல்இடி போடச் சொல்லுங்கண்ணே" என்கிறார். தாலி கட்டும் நேரத்தில் பட்டை ஓடியதற்கு மண்டபக்காரர் பொறுப்பாம்!

பில்லில் 'கேமரா 1' என்று மட்டும் எழுதி, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று கீழே முத்திரை. அதைக் காட்டியே துரத்திவிட்டார்கள். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு ஏதும் குறிக்காதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அதில்தான் வரும். உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. நானும் புகார் கொடுத்திருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். கடையின் டியூப்லைட்டையும் எதிர்க் கடைப் பலகையையும் முழு ஜூமில் எடுத்து, உங்கள் லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். வெளியே காற்றில் பேச்சைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் மைக் சொருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். நான் தேடிய சிஎக்ஸ்405-இல் அது கிடையாது, கேனான் எச்எஃப் ஆர்800-இல் உண்டு. அப்புறம், மாடல் எண்ணையும் 'ஆப்டிகல் ஜூம்' இத்தனை மடங்கு என்பதையும் பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். "அதெல்லாம் எழுத மாட்டோம்ணே" என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.