காரங்காடு படகுச் சவாரி: ஊராரே வழிகாட்டும் கடற்பயணம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, பாக் விரிகுடாவை ஒட்டியுள்ள மீனவக் கிராமம் காரங்காடு. அங்கு வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவுக்குக் கடந்த ஜனவரியில் குடும்பத்துடன் சென்றிருந்தோம். கடலோரச் சுற்றுலா என்ற பெயரில் நான் இதுவரை சென்ற இடங்களில், மறுபடியும் போக வேண்டும் என்று தோன்றியது இங்குதான்.

எங்கள் படகை ஓட்டியவர் அந்த ஊர் மீனவர். அலையாத்தி மரங்கள் இருபுறமும் நெருங்கி நிற்கும் ஓடைக்குள் நுழைந்ததும், சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருந்த மூச்சு வேர்களை அவர் காட்டினார். சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் மரம் இவற்றின் வழியாகவே சுவாசிக்கிறது என்றும், இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் இந்த வேர்களுக்கு நடுவே ஒளிந்து வளர்ந்த பிறகே கடலுக்குப் போகின்றன என்றும் விளக்கினார். இந்தக் காடு அழிந்தால் தம் வலையில் விழுவது குறையும் என்பதை அறிந்தவர் சொன்னதால், அது மனப்பாடமாக ஒப்பிக்கும் வழிகாட்டியின் பேச்சாக இல்லை. பறவைகள் அமர்ந்திருந்த மணல்திட்டுக்கு வெகு தொலைவிலேயே அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடற்கரையில், பவளப்பாறை காட்டுவதாக எங்களை அழைத்துச் சென்ற படகு அந்தப் பாறையின் மீதே நங்கூரத்தை இறக்கியது. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஓடையைத் தாண்டினால் ஆழமில்லாத கடல். அடியில் கடற்புல், மீனவர்கள் இதைத் தாழை என்கிறார்கள். நாளொன்றுக்கு 40 கிலோ வரை கடற்புல் மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்கு இதைவிட்டால் வேறு வாழ்விடம் இல்லை. கடலடியை வாரிச் செல்லும் இழுவலை இந்தப் புல்லை வேரோடு அரித்துச் செல்கிறது. இதே விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. ஆவுளியாவைப் பார்க்கலாம் என்ற ஆசையுடன் யாரும் படகேற வேண்டாம். எளிதில் கண்ணில் படும் உயிரினம் அன்று அது.

என் கணவரும் மகளும் கயாக் என்ற சிறு துடுப்புப் படகிலும் சென்று வந்தனர். மதிய உணவுக்கு முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவைத்திருந்தோம். ஊர்ப் பெண்கள் சமைத்துத் தந்த நண்டு ரசத்தில் மிளகின் காரமும் நண்டின் இனிப்பும் ஒன்றையொன்று மறைக்காமல் இருந்தன. படகோட்டுபவர் முதல் பரிமாறுபவர் வரை எல்லோரும் ஊர்க்காரர்கள் என்பதால், நாம் கொடுப்பது அந்த வீடுகளுக்கே வருமானமாகிறது.

வலசைப் பறவைகளையும் காண விரும்புவோர் குளிர்காலத்தில், வெயில் ஏறுமுன் செல்வது நல்லது. காற்று பலமான நாட்களில் கடலுக்குள் படகு போவது கடினம் என்பதால், புறப்படும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.