காந்த பாலிஷ் மெஷின்: கொலுசுப் பட்டறையில் எட்டு மாத அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. பற்றாசுப் பொடி வைத்துப் பற்றவைத்து ஒட்டி, ஆசிடில் போட்டு எடுத்த கொலுசைப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் விட்டு, பித்தளைக் கம்பி பிரஷால் தேய்ப்பது அத்தையின் வேலை. எவ்வளவு தேய்த்தாலும் சங்கிலிக் கண்ணியின் உள்பக்கம் பிரஷ் போகாது. ஆசிடில் பூத்த மங்கல் வெள்ளை அங்கே அப்படியே நிற்கும். முப்பது வருஷம் தேய்த்து அத்தைக்குக் கட்டைவிரல் மடங்காமல் போனபிறகுதான் இந்த மெஷினை வாங்கினேன். இன்னும் முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

மேலே ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அடியில் காந்தம் பதித்த தட்டு, அதைச் சுற்ற ஒரு மோட்டார். அவ்வளவுதான் மெஷின். தொட்டியில் தண்ணீர், பாலிஷ் சோப்பு, கூடவே அரை மில்லிமீட்டர் தடிமனும் 5 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஸ்டீல் ஊசிகள். தட்டு சுற்றும்போது அடியில் வடதுருவமும் தென்துருவமும் மாறி மாறி வர, ஊசிகள் துள்ளித் துள்ளி வெள்ளியைக் கொத்தும். 304 என்ற ரகத் துருப்பிடிக்காத ஸ்டீலைக் காந்தம் இழுக்காது என்பார்கள். ஆனால் அதையே மெல்லிய கம்பியாக இழுத்தால் காந்தத்துக்குப் பிடிபடும். ஊசி துள்ளுவது அதனால்தான்.

முதல் நாள் இருபது நிமிஷம் ஓடியதும் அத்தை ஒரு கொலுசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "டேய், கண்ணிக்கு உள்ளகூட மின்னுதுடா" என்றார். அந்தக் குரலுக்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று.

எனக்குப் பெரிய விஷயம் சேதாரம். பஃப் சக்கரம், அதாவது மெருகேற்றும் துணிச் சக்கரம், வெள்ளியைச் சீவி எடுக்கும். அந்தத் தூசியைக் கூட்டி அள்ளித் திரும்ப உருக்க வேண்டும். இதில் ஊசி சீவுவதில்லை, தட்டி அமுக்குகிறது. போடுமுன்னும் எடுத்தபின்னும் நிறுத்தேன், எங்கள் தராசில் வித்தியாசம் தெரியவில்லை. பெரிய தொழிற்சாலைகளில் இரும்புத்தூளோடு உராய்வுத்தூள் கலந்து, காந்தத்தால் பிரஷ் மாதிரி நிற்கவைத்துத் தேய்க்கும் முறை வேறு. அது உலோகத்தை அறுத்தெடுக்கும். இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

"இனி பஃப்பே வேண்டாம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். அது உண்மையில்லை. தட்டையான பட்டையில் ஊசி கொத்திய பொடிப்பொடிப் புள்ளி தெரியும், கண்ணாடிப் பளபளப்பு வராது. பட்டை வேலைக்கு இன்றும் பஃப்தான். கூடக் கொடுத்த ஊசியும் ஒரே மாதத்தில் துருவேறி வெள்ளியைச் சாம்பல் நிறமாக்கியது. வேறு இடத்தில் நல்ல 304 ஊசி வாங்கி மாற்றினேன். தொட்டியின் நட்டநடுவில் ஊசி சரியாக ஆடாது. அங்கே போய் உட்காரும் கொலுசைக் கையால் தள்ளிவிட வேண்டும்.

சலங்கைதான் எங்களைப் படுத்தியது. அதன் பிளவு வழியாக ஊசி உள்ளே போய் மாட்டிக்கொண்டது. அது தெரியாமல் ஒரு ஜோடியைத் திரும்ப ஆசிட் சட்டியில் போட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் வெள்ளி முழுக்கச் செம்பு நிறம்! வெள்ளியில் கலந்த செம்பு அந்தப் பழைய ஆசிடில் கரைந்து கிடக்கிறது. ஆசிடுக்குள் ஸ்டீல் ஊசி போனதும் அந்தச் செம்பு வந்து வெள்ளிமேல் படிந்துவிடுகிறது. அன்றிலிருந்து சலங்கை கோக்கும் முன்பே சங்கிலியை மட்டும் மெஷினில் போட்டு எடுக்கிறோம். பிறகு சலங்கையைப் பற்றவைக்கும் இடங்களை மட்டும் அத்தை பிரஷால் தொடுகிறார், அரைமணி நேர வேலை.

மாமாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருப்பதால் மெஷினைப் பின்கட்டில் வைத்து, அந்தப் பக்கம் அவரை வரவிடுவதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

சங்கிலி, கம்பி வேலை, நகாசு வேலை செய்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். வெறும் பட்டை வளையல் மட்டும் செய்பவர்களுக்கு வேண்டாம். வாங்கப் போகும்போது உங்கள் பட்டறைச் சங்கிலி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், இருபது நிமிஷம் ஓட்டிக் காட்டச் சொல்லி, கண்ணிக்கு உள்பக்கம் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.