சைக்கிளை வெளியே வைக்க: ஷெட்டா, பெட்டியா, தரை ஆங்கரா?

வீட்டுக்குள் இடமில்லாமல் சைக்கிளை வெளியே வைக்க வேண்டியவர்கள் முதலில் பார்ப்பது ஷெட்டைத்தான். மரமா, தகரமா, பிளாஸ்டிக்கா என்று நாள்கணக்கில் யோசிப்பார்கள். உள்ளே சைக்கிளை எதோடு கட்டிவைப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வரும், பல வீடுகளில் வருவதே இல்லை. என்னைக் கேட்டால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிளாஸ்டிக் பெட்டியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விலை குறைவு, துருப்பிடிக்காது, மழைக்குத் தாங்கும். ஆனால் ஒரு கைரம்பம் போதும், பக்கச் சுவரே கழன்று வந்துவிடும். மூடியில் எவ்வளவு பெரிய பூட்டைத் தொங்கவிட்டாலும் பயனில்லை. மழைக்கும் வெயிலுக்கும் ஒரு மறைப்பு, அவ்வளவுதான்.

மர ஷெட் பார்க்க அழகு, காற்றோட்டமும் உண்டு. அதன் பலவீனம் பலகையைவிடக் கதவில்தான் இருக்கிறது. கதவுக் கீலைப் பாருங்கள்: ஸ்க்ரூக்கள் வெளிப்பக்கம் தெரிகின்றனவா? தெரிந்தால் பூட்டைத் தொடவே வேண்டாம், ஒரு ஸ்க்ரூடிரைவரால் கதவையே கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்துவிடலாம். நாதாங்கிக்கும் இதே கதைதான். இதற்கு மருந்து சுலபம். வெளியே வழவழப்பான உருண்டைத் தலை, உள்ளே வாஷரும் நட்டும் என்று இருக்கும் கோச் போல்ட்டை மாட்டினால் வெளியிலிருந்து கழற்றப் பிடிமானமே கிடைக்காது. ஜன்னல் இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபடி மறைத்துவிடுங்கள்.

இரும்பு ஷெட்டில் இரண்டு ஜாதி. தோட்டச் சாமான் வைக்கும் மெல்லிய தகர ஷெட் ஒன்று. கடப்பாரையால் நெம்பினால் மடங்கும். சைக்கிளுக்கென்றே செய்யப்படும் கனமான எஃகு ஷெட் இன்னொன்று. கீல் உள்ளடங்கியிருக்கும், பூட்டும் கதவோடு சேர்ந்தே வரும், தரையோடு போல்ட் போடலாம். வாங்க முடிந்தால் ஷெட்டுகளில் இதுதான் என் தேர்வு. ஒரு எச்சரிக்கை: இரவில் தகரம் குளிர்ந்ததும் உட்கூரையில் நீர் முத்துமுத்தாகக் கோத்துச் சொட்டும். காற்றுத்துளை இல்லாவிட்டால் திருடனுக்கு முன்னால் துரு வந்துவிடும்.

எதை வாங்கினாலும் அளவு பாருங்கள். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் பொதுவாக 170 முதல் 185 செ.மீ. நீளம், ஹேண்டில்பார் 60 செ.மீ.யில் தொடங்கி, மலைச்சாலை சைக்கிளில் 80 வரை போகும். 'இரண்டு சைக்கிள் கொள்ளும்' என்று விளம்பரத்தில் இருந்தால், ஒன்றை எதிர்த் திசையில் திருப்பி, பெடலும் ஹேண்டில்பாரும் உரசாமல் செருகினால் கொள்ளும் என்று அர்த்தம்.

சரி, தரை ஆங்கர். கான்கிரீட்டில் துளையிட்டுப் பதிக்கும் எஃகு வளையம் இது. போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் அறுகோணக் குழியில் ஒரு எஃகுக் குண்டைச் சுத்தியலால் அடித்து இறுக்கிவிடுவார்கள்; அதன்பின் அதைத் திருகும் ஆலன் சாவி நுழையாது. வெறும் மண்ணிலோ, மணலில் அடுக்கிய கல்தளத்திலோ பதித்துப் பயனில்லை. சைக்கிளை இந்த வளையத்தோடு கட்டும் சங்கிலி கடினப்படுத்திய எஃகாக, 13 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் கையால் அழுத்தும் போல்ட் கட்டரைத் தாங்கிவிடும். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி உடல் எடை முழுவதையும் போட வசதியாகிவிடும். இரும்பை அறுக்கும் மின்கருவியான ஆங்கிள் கிரைண்டருக்கு முன் எதுவும் நிரந்தரமாக நிற்காது, ஆனால் அது போடும் சத்தத்துக்கு அக்கம்பக்கம் எட்டிப்பார்க்கும்.

கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், ஆங்கரும் நல்ல சங்கிலியும் வாங்கி, மேலே ஒரு உறையைப் போடுங்கள். பூட்டிய மெல்லிய ஷெட்டைவிட அது மேல். பணம் சேர்ந்ததும் அதைச் சுற்றியே ஷெட்டை எழுப்பிக்கொள்ளலாம். மின்சார சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். உறைநிலைக் குளிரில் சார்ஜ் போட்டாலும் கடும் வெப்பத்தில் கிடந்தாலும் அது கெட்டுப்போகும்.

வாடகை வீடு, தரையைத் துளைக்க விடமாட்டார்கள் என்றால் பெரிய தொட்டியில் சங்கிலியின் ஒரு முனையைப் புதைத்துக் கான்கிரீட் ஊற்றலாம். கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. 40 லிட்டர் தொட்டி என்றாலே கிட்டத்தட்ட 95 கிலோ. வைக்கப்போகும் இடத்திலேயே ஊற்றுங்கள், அப்புறம் உங்களாலும் நகர்த்த முடியாது.