கொடியைத் தொட்டால் விலை ஏறும் ராமென் கடை

ஜப்பானில் ஒசாகா நகரத்தின் நம்பா, டோடோன்போரி பக்கம் போகிறவர்கள், ராமென் (சாறில் மிதக்கும் நூடுல்ஸ்) கடைத் தொடுதிரையில் ஆங்கிலக் கொடியைத் தொடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரே மாதிரிக் கிண்ணத்துக்குப் பக்கத்து இருக்கைக்காரர் கொடுத்தது 950 யென். நான் கொடுத்தது 1,500.

அலுவலக வேலையாக இரண்டு வாரம் போயிருந்தோம், நானும் உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவரும். அவர் பிறந்ததிலிருந்தே சைவம். அன்று இரவு வேலை முடிய ஒன்பதாகிவிட்டது. நல்ல பசி. விடுதிக்குப் போகும் வழியில் ஒரு ராமென் கடை, வாசலில் சின்ன வரிசை. வரிசை நின்றால் நல்ல கடை என்று நானாக முடிவு கட்டினேன்.

அங்கே பல ராமென் கடைகள் நம்மூர் டோக்கன் ஓட்டல் மாதிரிதான். வாசலிலேயே இயந்திரம் இருக்கும். காசைப் போட்டு, வேண்டியதை அழுத்தி, வருகிற சீட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு உட்கார வேண்டும். டிப்ஸ் கிடையாது. பழைய இயந்திரங்களில் வரிசையாகப் பொத்தான்கள் இருக்கும். இந்தக் கடையில் பெரிய தொடுதிரை, மேல் மூலையில் நாலு நாட்டுக் கொடிகள். ஆங்கிலத்தைத் தொட்டதும் படங்களோடு பட்டியல் வந்தது. எனக்கு 'ஸ்பெஷல் ராமென்' 1,500 யென், நண்பருக்கு 'வெஜிடபிள் ராமென்' 1,400. விலை கொஞ்சம் உறைத்தது. ஆயிரம் யென்னுக்கு மேல் போனால் ஜப்பான்காரர்களே யோசிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பின்னால் ஆறு பேர் நிற்கும்போது நின்று நிதானமாக யோசிக்க முடியுமா? நோட்டைப் போட்டுவிட்டேன்.

கிண்ணம் வந்தது. இரண்டு துண்டு பன்றி இறைச்சி, பாதி முட்டை, மூங்கில் குருத்து, ஓரத்தில் ஒரு தாள் கடற்பாசி. ருசியில் குறை சொல்ல மாட்டேன். பாதி சாப்பிட்டிருப்பேன், பக்கத்தில் டை கட்டிய ஒருவர் வந்து உட்கார்ந்து சீட்டை வைத்தார். சீட்டில் விலையும் அச்சாகியிருக்கும். எழுத்து புரியாவிட்டாலும் எண் புரியுமே, 950. அவருக்கு வந்த கிண்ணத்தில் அதே இரண்டு துண்டு, அதே பாதி முட்டை, அதே மூங்கில்.

எழுந்து வாசலுக்குப் போய்த் திரையை ஜப்பானிய மொழிக்கு மாற்றிப் பார்த்தேன். அதே படம், 950. நண்பருடையது 900. ஆக, எங்கள் இருவருக்கும் சேர்த்து 1,050 யென் நாமம்.

கைப்பேசி மொழிபெயர்ப்பில் கடைக்காரரிடம் கேட்டேன். வெளிநாட்டினருக்கான பட்டியலே வேறு, அதில் சேர்மானமும் வேறு என்றார். என்ன வேறு என்று கேட்டதற்கு, சீட்டு வாங்கியாகிவிட்டது, காசு திரும்பத் தர முடியாது என்று பதில். குரலை உயர்த்தவில்லை, சிரித்த முகத்தோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல்.

வெளியூர்க்காரருக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை என்பது எனக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்தில் நுழைவுச் சீட்டு நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஆனால் அங்கே இரண்டையும் ஒரே பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். இங்கே ஒரு விலை இன்னொன்றின் கண்ணில் படாதபடி மொழிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள்.

காசு போனது கூடப் பரவாயில்லை. நண்பருக்கு வந்த கிண்ணத்தில் மேலே முட்டைக்கோஸ், பயறு முளை, கேரட். கறி ஒரு துண்டும் இல்லை. ஆனால் குழம்பு பால் மாதிரி வெளுத்திருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அது டொன்கொட்சு. 'டொன்' என்றால் பன்றி, 'கொட்சு' என்றால் எலும்பு. எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு எடுக்கிற சாறு. மூன்றாவது கரண்டியில் அவர் நிறுத்திவிட்டு, "இதுல என்னவோ இருக்குங்க" என்றார். கடைக்காரரிடம் கேட்டால், ஆமாம், பன்றிதான், மேலே காய்கறி போட்டிருப்பதால் அந்தப் பெயர் என்று விளக்கம். நண்பர் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து தண்ணீர் வாங்கி வாயைக் கொப்பளித்தார். அன்று இரவு அவர் சாப்பிட்டது இரண்டு வாழைப்பழம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். 'நிகு நுகி' என்றால் கறி வேண்டாம் என்று அர்த்தம், ஆனால் மேலே வைக்கும் துண்டை மட்டும்தான் எடுப்பார்கள். ஷோயு (சோயா சாஸ்), மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது) என்று பெயர் இருந்தாலும் அடியில் பெரும்பாலும் கோழி, பன்றி அல்லது காய்ந்த மீனின் சாறுதான். முழுச் சைவம் என்று அறிவித்து நடத்துகிற கடைகள் உண்டு, தேடிப் போங்கள்.

மற்றவர்கள் ஜப்பானிய மொழித் திரையை முதலில் படம் எடுத்துக்கொண்டு, பிறகு கொடியைத் தொடுங்கள். எண்களை ஒப்பிட மொழி தெரிய வேண்டியதில்லை. வித்தியாசம் தெரிந்தால் காசு போடாமல் நகர்ந்துவிடுங்கள், சீட்டு வந்தபின் வாதாடிப் பயனில்லை.

அந்த ஊரை மொத்தமாகத் திட்டவும் மனம் வரவில்லை. நாலு நாள் கழித்து, ரயில் நிலையத்திலிருந்து தள்ளி, கொடியே இல்லாத ஒரு பொத்தான் கடைக்குத் தனியாகப் போனேன். 2024-ல் வந்த புது ஆயிரம் யென் நோட்டை அந்தப் பழைய இயந்திரம் துப்பிக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்த பாட்டி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பழைய நோட்டாக மாற்றிக் கொடுத்து, மேல் இடது மூலைப் பொத்தானைக் காட்டினார். 850 யென். முட்டை முழுசாக இருந்தது.