உக்ரைனிய – பெலாரூசிய விலங்குப் பெயர் அட்டைகள்: வாங்கலாம், கூடவே ஒரு பென்சிலும் வேண்டும்

கோவையில் ஒரு மொழி வகுப்பில் விற்கும் அட்டைக்கட்டு இது. ஒரு பக்கம் உக்ரைனியச் சொல், மறுபக்கம் பெலாரூசியச் சொல், அடியில் தமிழில் வேர் விளக்கம். இப்படி எதிரெதிரே வைத்ததுதான் இதன் பலம். பசு: கொரோவா, கரோவா. நாய்: சொபாகா, சபாகா. அழுத்தம் விழாத ஒகரம் பெலாரூசியத்தில் அகரமாகிவிடும், எழுத்திலும் அப்படியே. நாலு அட்டை புரட்டினால் விதி பிடிபட்டுவிடும். ஆனால் அழுத்தக் குறி ஒரு அட்டையிலும் இல்லை. விதியே அதை நம்பி நிற்கும்போது இது பெரிய குறை.

கோட்டை விட்டிருப்பது கரடி அட்டையில். உக்ரைனியத்தில் வெத்மித், பெலாரூசியத்தில் மியாத்ஸ்வேத்ஸ். பொருள் 'தேனை அறிந்தது' என்று போட்டிருக்கிறார்கள். உக்ரைனிலும் பலர் சொல்கிற விளக்கம்தான், ஆனால் தவறு. பழைய அமைப்பு மெத்வ் + எத். முன்பாதி நம் 'மது'வுக்கு உறவு. பின்பாதி உண்ணுதல்; 'அன்னம்' பிறந்த வேரும் அதுவே. ஆக, தேனுண்ணி. உக்ரைனியத்தில் மகரமும் வகரமும் இடம் மாறி 'வெத்' முன்னே வந்ததால் 'அறிதல்' என்ற வேர் போலத் தோன்றுகிறது. பெலாரூசியத்தில் மாறவில்லை, அட்டையைத் திருப்பிப் பார்த்திருந்தாலே போதும். உண்மைப் பெயரை உச்சரிக்க அஞ்சி வைத்த மாற்றுப் பெயர் இது. ராத்திரியில் பாம்பைப் 'பூச்சி' என்று சொல்லும் கொங்கு ஊர்களில் இதை விளக்கவே தேவையில்லை.

பாம்பு அட்டை அருமை. ஸ்மியா, ஸ்மியாயா இரண்டையும் 'ஸெம்லியா', அதாவது நிலம், என்ற சொல்லோடு சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். தரையில் ஊர்வது என்பதே பெயர்.

குதிரை அட்டையில் எழுவாய் வடிவம் மட்டும்தான் இருக்கிறது: கீன், கோன். 'குதிரையின்' என்றால் உக்ரைனியத்தில் கோன்யா, பெலாரூசியத்தில் கன்யா. உக்ரைனியத்தில் மெய்யில் முடியும் அசையில் ஒகரம் இகரமாகும். அசை திறந்தால் ஒகரம் திரும்பி வரும். பூனை (கீத், கொதா), எருது (வீல், வொலா) இரண்டும் இதே வழி. இந்த வடிவங்களைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாக்கியத்தில் வரும்போது வேறு சொல் என்று நினைத்துவிடுவீர்கள்.

நாரைக்கு லெலேகா, பூசெல். இரண்டும் வேறு வேறு சொற்கள், மனப்பாடம்தான்.

நாய் அட்டை ஈரானிய மூலம் என்று அடித்துச் சொல்கிறது. துருக்கிய மூலம் என்ற கருத்தும் உண்டு, வழக்கு இன்னும் தீரவில்லை. பால் குறிப்பும் விட்டுப்போயிருக்கிறது: சபாகா பெலாரூசியத்தில் ஆண்பால், ருஷ்ய மொழியில் பெண்பால். ருஷ்யன் படித்துவிட்டு வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.