ஆபெரா மெட்டுக்கு எட்டுப் பேரா, ஐந்து பேரா?

மொட்சார்ட்டின் ‘ஃபிகாரோ’ ஆபெராவை (பாடி நடிக்கும் இசை நாடகத்தை) யோஹான் வென்ட் ஊதுகருவிகளுக்கு மாற்றிய எண்மர் இசையா, ரொசினியின் ‘செவில் நாவிதன்’ ஆபெரா மெட்டுகளில் பிரிச்சியால்தி எழுதிய ஐவர் இசையா, எதை வாசிப்பது என்று தயங்குகிறீர்களா?

ஆட்கள்: வென்டுக்கு ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன் ஆகிய ஊதுகருவிகள் இரண்டிரண்டு. பிரிச்சியால்திக்கு இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு புல்லாங்குழலும் போதும்.

ஒலி: எண்மர் இசை ஒரே திரளாக வரும். 1782இல் வியன்னாவில் பேரரசர் இரண்டாம் யோசேப்பு அமைத்த ஊதுகருவிக் குழுவின் ஒலி அது. ‘டொன் ஜொவானி’ ஆபெராவின் விருந்துக் காட்சியிலும் மொட்சார்ட் தன் ஃபிகாரோ மெட்டை ஊதுகருவிகளுக்கே கொடுத்தார்; கேட்கவே அவ்வளவு சுகம்! ஐவரில் ஒவ்வொரு குரலும் தனியாகத் தெரியும்.

மூச்சு: எண்மரில் ஒருவர் மூச்சு வாங்கும்போது இணைக்கருவி தாங்கிக்கொள்ளும். ஐவரில் ஓய்வு குறைவு.

தோட்டக் கச்சேரிக்கு வென்ட். நல்ல புல்லாங்குழல் கலைஞர் இருந்தால், சரி, பிரிச்சியால்திதான்.