ப்ரைம்95: பகா எண் தேட வந்தது, எங்க கடையில ரேம் பார்க்குது

சர்வீஸுக்கு வர்றதுல நிறைய, "திடீர்னு தானா ஆஃப் ஆயிடுது சார்" கேஸ்தான். நான் முதல்ல ஓட்டிப் பார்க்கிறது ப்ரைம்95-ங்கிற, கம்ப்யூட்டரைக் கசக்கிப் பிழியுற சாஃப்ட்வேர். இலவசம், ஜிப்பைப் பிரிச்சா போதும். அதுல சிபியு சூட்டைப் பார்க்க 'ஸ்மால் எஃப்எஃப்டி'ங்கிற டெஸ்ட், ரேமையும் சேர்த்துப் பார்க்க 'பிளெண்ட்'.

ஆனா இது பிறந்தது வேற வேலைக்கு. 1996-ல் ஜார்ஜ் வோல்ட்மன் ஆரம்பிச்ச, தன்னார்வலர்கள் கம்ப்யூட்டரை எல்லாம் இன்டர்நெட்ல சேர்த்துத் தேடுற கிம்ப்ஸ் திட்டத்துக்காக, மெர்சென் பகா எண் தேட எழுதினது. மெர்சென் எண்கள்னா 2-இன் அடுக்குல ஒண்ணு கழிச்ச எண்கள். பைனரில எழுதினா வெறும் 1 மட்டும்தான் வரிசையா நிக்கும். அடுக்கு பகா எண்ணா இருந்தா மட்டும் போதாது: 11 பகா எண்தான், ஆனா 2^11 − 1 = 2047 = 23 × 89.

சோதிக்கிற லூகாஸ்-லேமர் முறை பேப்பர்லயே போட்டுப் பார்க்கலாம். 4-ல ஆரம்பி, வர்க்கம் எடு, 2 கழி, சோதிக்கிற எண்ணால வகுத்து மீதியை வச்சுக்கோ, திரும்பவும் அதையே செய். 31-க்கு (2^5 − 1) 4, 14, 8, 0. கடைசியில 0 வந்தா பகா எண். சின்ன எண்ணுக்கு மூணு படி. பெரிய எண்ணுக்குக் கோடிக்கணக்கான படி, ஒவ்வொண்ணும் முந்தின விடையை நம்பித்தான். நடுவுல ஒரு பிட் புரண்டா மொத்தமும் குப்பை. அதனாலதான் இது தப்பை மோப்பம் பிடிக்கிறதுல இவ்வளவு கில்லாடி. தசமப் புள்ளி எண்களா வச்சுப் பெருக்கி வர்ற விடை முழு எண்ணை ஒட்டி இருக்கணும், 0.4-க்கு மேல விலகினா நிறுத்திடும்.

வீடியோ ரெண்டர் பண்றப்ப நிக்குதுன்னு ஒரு ஸ்டுடியோக்காரர் மெஷின் கொண்டுவந்தார். பிளெண்ட்ல டீ குடிச்சு வர்றதுக்குள்ள 'ரவுண்டிங் வாஸ் 0.5'னு ஒரு வரி. ரேமை ஒண்ணொண்ணா கழட்டிப் போட்டதுல ரெண்டாவது ஸ்டிக் மாட்டிக்கிச்சு. விண்டோஸோட மெமரி டெஸ்ட்ல அது பாஸ்.

குறைன்னா, மெனு எல்லாம் பழைய காலத்துது, புதுசா வர்றவங்க முழிப்பாங்க. பகா எண் வேட்டைக்கும் இப்ப கிராஃபிக்ஸ் கார்டுதான் ராஜா. 2024 அக்டோபர்ல லூக் டுரான்ட் கண்டுபிடிச்ச 2^136279841 − 1, மொத்தம் 4,10,24,320 இலக்கம், அப்படிச் சிக்கினதுதான். 10 கோடி இலக்க பகா எண்ணுக்கு 1,50,000 டாலர் பரிசு இன்னும் அப்படியே இருக்கு. கரண்ட் பில் கட்ட மனசு இருக்கிறவங்க இறங்கலாம்.

லேப்டாப்ல ஓட்டுறதுக்கு முன்னாடி ஃபேன் தூசியைத் தட்டிடுங்க. சூடு 95 டிகிரியைத் தொட்டா உடனே நிறுத்துங்க.